கூழ்க்கடை மேல் விழுந்த சந்தேகம்

இரண்டு வருடங்களுக்கு முன், வெயில் காலத்தில், தாம்பரம் பக்கம் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தொப்புளுக்கு மேலே குடலிறக்கம். இருமினால் போதும், எலுமிச்சம்பழம் போல முட்டிக்கொண்டு வரும். "எழுபத்தஞ்சு கிலோவுக்கு இறங்கி வாங்கம்மா, ஆபரேஷன் பண்ணிடலாம். இந்த எடையோட தைச்சா திரும்பப் பிரிஞ்சிடும்" என்றார் டாக்டர். நான் எண்பத்தாறு இருந்தேன்.

இரவுச் சாதத்தை விட்டேன். காப்பிக்குச் சர்க்கரையை விட்டேன். தினமும் காலையில் ஏரிக்கரையில் நடந்தேன். எடையையும் சாப்பிட்டதையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு எழுபத்தொன்பதிலேயே நின்றுவிட்டது. ஐந்து வாரம் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. டாக்டரோ, "நடுவுல இப்படி நிக்கிறது வழக்கம்தான். சாப்பிடுறத ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு முதலில் எடை பார்க்கும் மெஷின் மேல்தான் சந்தேகம். ஹாலில் வைத்துப் பார்த்தேன், சமையலறையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். சரியாக ஐந்து காட்டியது. நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். எடை நின்றதும், வெயிலுக்காக இட்லியை விட்டுக் கூழுக்கு மாறியதும் ஒரே வாரம்!

ஏரிக்கரை வாசலில் ஒரு அம்மா கேழ்வரகுக் கூழ் விற்பாள். பெரும்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் பானையோடு வருவாள். கூழில் வெல்லம் கலக்கிறாளோ? இல்லாவிட்டால் ஏன் இத்தனை ருசி? நேராகக் கேட்க எனக்குக் கூச்சம். ஒருநாள் பாட்டிலில் கொஞ்சம் வாங்கி வந்து, என் கணவர் சர்க்கரை பார்க்கும் மெஷினின் ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விட்டேன். மெஷின் எண் எதுவும் காட்டாமல் 'எரர்' என்றது. அளக்க முடியாத அளவுக்கு வெல்லம் இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் கேட்கத்தான் கூச்சம். என்னோடு நடக்கிற இரண்டு பெண்களிடம் சொல்லக் கூச்சமே வரவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு நாள் விடியும்போதே போய், அங்கே நின்ற பள்ளி வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் பானையைத் திறந்தாள். மோரை ஊற்றிக் கரைத்தாள். டப்பாவிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளிப் போட்டாள். வெல்லம் இல்லை, சர்க்கரையேதான் என்று எட்டிப் பார்த்தேன்.

"இன்னாக்கா, வேனுக்குக் காவலா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

மாட்டிக்கொண்டேன். "இல்ல... அது என்னம்மா, வெள்ளையா போட்டீங்க?"

"உப்புக்கா. இந்தா, நக்கிப் பாரு" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

உப்புதான்.

"கூழுல வெல்லம் போடறேன்னு நீ சொன்னியாமே. உன் கூட நடக்குற ரெண்டு பேரும் இப்ப இந்தப் பக்கமே வர்றதில்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று நின்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. கூழு நீ ஒரு சொம்புதான் குடிக்கிற. மோர் மொளகா, கொத்தவரங்கா வத்தல், வடகம்... அத்த மூணு வாட்டி கை நெறைய அள்ளுற. அத்தினியும் எண்ணெயில பொரிச்சது. வெங்காயத்தக் கடிச்சிக்கோ, போதும். உன்கிட்ட சொல்ல எனக்கே வெக்கமா கீது."

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். ஐந்து வாரமும் 'கூழ் ஒரு சொம்பு' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். தொட்டுக்கொள்வதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நம்மில் யாருக்குத் தோன்றுகிறது? அதுவும் சும்மா கிடைக்கிற வத்தல்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதும் சந்தேகம் விடவில்லை. வத்தலை மிச்சம் பிடிக்கத்தான் இப்படிச் சொல்கிறாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனாலும் வத்தலை விட்டுப் பார்த்தேன். முதல் வாரம் எடை அசையாதபோது அந்தச் சந்தேகம் நிச்சயமே ஆகிவிட்டது. இரண்டாவது வாரம் அரைக் கிலோ இறங்கியது. பிறகு மெதுமெதுவாக எழுபத்தைந்துக்கு வந்தேன். ஐப்பசியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

என்னோடு நடந்த இரண்டு பேரிடமும், "நான்தாங்க தப்பாச் சொல்லிட்டேன், கூழுல ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டு மறுபடி கூழ் குடிக்க வந்தார். இன்னொருவர் வரவே இல்லை. "நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கு மனசு ஒப்பலைங்க" என்றார். நான் கெடுத்த பேரை என்னாலேயே முழுதாகத் திருப்பித் தர முடியவில்லை.

எடை நின்றதற்கு ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என் கையை மட்டும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துச் சொன்னவள், என்னிடம் கோபப்பட எல்லா நியாயமும் இருந்த ஒருத்தி என்பதை நினைத்தால், யாரைப் பற்றியும் எதையும் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.