மைக் செட் நின்ற நேரம்

மாமா இருந்தார். என் தாய்மாமன். பந்தலில் அன்றைக்கு அவர்தான் ராஜா. அத்தை இருந்தாள், பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல். அய்யா இருந்தார், என்னைப் பெற்றவர், வாசலில், கும்பிட்ட கை கும்பிட்டபடி. அம்மா இருந்தாள், அடுப்படிக்கும் பந்தலுக்குமாக. பெரியப்பா இருந்தார், யார் யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு. மைக் செட்காரர் இருந்தார். நான் இருந்தேன், நாற்காலியில், கழுத்தை ஒடிக்கிற மாலையோடு. எனக்குச் சடங்கு. வயது பதிமூன்று.

சேக்கு, முனியசாமி, அந்தோணி. இவர்களை யாரும் அழைக்கவில்லை.

அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் எதுக்கு என்று கேட்பேன். வீட்டில் கேட்டால் தலையில் குட்டு விழும். வகுப்பில் கேட்டால் சிரிப்பு. பெண்பிள்ளைகள் எனக்கு எதுக்கி என்று பேர் வைத்தார்கள். மதியச் சோற்றைத் தனியாகத்தான் தின்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடாத மோட்டார் ரூம் ஒன்று. அதன் மொட்டை மாடியில் அந்த மூன்று பேரும் ஒரு பழைய ரேடியோவோடு கிடப்பார்கள். பந்தடிக்க வரமாட்டார்கள். கிறுக்குப் பயல்கள் என்பார்கள் ஊரில். உச்சிப்புளிக்குக் கிழக்கே எங்கள் ஊர். கடலுக்கு அங்கிட்டு இலங்கை. கம்பியை உயரத்தில் கட்டினால் அந்தக் கரை ஸ்டேஷன்கள் இழுக்கும். ரேடியோ சேக்குவுடையது, அவன் அத்தா கொடுத்தது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவி ஏரியல் கட்டுவது முனியசாமி. அந்தோணி கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை. காற்றடங்கி வெக்கை ஏறுகிற நாளில்தான் நன்றாக இழுக்கும் என்று கண்டுபிடித்தவன் அவன்.

ஒருநாள் கீழே நின்று கேட்டேன். "வெக்கைக்கும் ரேடியோவுக்கும் என்ன? எதுக்கு அன்னைக்கு மட்டும் இழுக்குது?"

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தெரியலையே" என்றான் முனியசாமி. "ஏறி வா. சேந்து பாப்போம்."

ஏறினேன். அதற்குப் பிறகு மதியச் சோறு அங்கேதான். எதுக்கி என்றுதான் அவர்களும் கூப்பிட்டார்கள். அவர்கள் வாயில் அது வாத்தியார், கொத்தனார் என்பது மாதிரி ஒரு வேலையின் பேராக இருந்தது. இரைச்சலுக்குள் கிடக்கும் குரலைப் பிரித்துக் கேட்க எனக்குத்தான் வந்தது. காதை ஒட்டவைத்து, இது நேற்று பேசிய ஆள், இது வேறு ஆள் என்பேன். நம்புவார்கள். மறுபேச்சு இல்லை. என் சொல்லை நம்பிய ஆட்கள் அதற்கு முன்னால் கிடையாது.

ஒரு பெண்குரல் மட்டும் தப்பிவிட்டது. தமிழ் இல்லை. பாட்டு மாதிரி இழுத்துப் பேசும். ஒரே ஒரு தடவை வந்தது, நான் மட்டும் கேட்டேன். ஸ்டேஷன் பேரைச் சொல்வதற்குள் போய்விட்டது. அதை மறுபடி பிடிக்கத் தவமாய்க் கிடந்தோம்.

அதற்குள் நான் வயசுக்கு வந்துவிட்டேன். மாமா வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டினார். அதற்குள்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் கிடையாது. ஆண்பிள்ளைகள் முகத்தில் முழிக்கக் கூடாது. உள்ளே இருந்தபடி அம்மாவிடம் கேட்டேன், எதுக்கு என்று.

"வாயை மூடு. இனிமே நீ பெரிய மனுஷி."

பெரிய மனுஷி வாயை மூடினேன்.

சடங்கன்று உச்சிவெயில். காற்று செத்துக் கிடந்தது. மாமாவின் சீர்த் தட்டுகள் கொட்டோடு வந்து இறங்கின. மைக்கில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பட்டுச்சேலை. வெள்ளிக் கொலுசு. பித்தளை அண்டா. மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார். "இத்தனை சீரும் கொண்டுவந்து சபையை நிறைத்த அன்புத் தாய்மாமன் திரு..."

மைக் நின்றது.

ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு முனியசாமி நின்றான். நுனியில் செம்புக் கம்பி சுற்றிய நீள மூங்கிலை அந்தோணி பந்தல்காலில் சாய்த்துக்கொண்டிருந்தான். சேக்கு ரேடியோவை நெஞ்சோடு அணைத்து நேராக என் நாற்காலிக்கு வந்தான். மூச்சு வாங்கியது.

"மாட்டிக்கிச்சு எதுக்கி. அந்தப் பொம்பளதானான்னு நீ கேட்டுச் சொல்லு. எங்களுக்குத் தெரியல."

"செத்த நேரம் யாரும் பேசாதீங்க" என்றான் முனியசாமி. சொன்னது பெரியப்பாவைப் பார்த்து.

மாலையை ஒதுக்கிக் காதை வைத்தேன். அதே இழுப்பு.

"அவதான்! அவளேதான்!"

நாலு பேரும் சிரித்தோம். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு மேல் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

சேக்குவின் செவிட்டில் அறை விழுந்தது. மாமா.

"ஏலே, யார் வீட்டுப் பயகடா நீங்க?"

என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்கவில்லை. எதுக்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. யார் வீடு. ஒவ்வொருவனும் அப்பன் பேரைச் சொன்னான். பேருக்குத் தகுந்த மாதிரி அடி விழுந்தது. முனியசாமி எங்கள் ஆட்கள். ஒன்றோடு விட்டார். அந்தோணிக்கு அவன் தூக்கிவந்த மூங்கிலாலேயே. சேக்கு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்போதும் சொன்னான்.

"அடிக்கிறதுன்னா செத்த பொறுத்து அடிங்க மாமா. இப்ப ஸ்டேஷன் பேரு சொல்லப் போறாக."

மாமா ரேடியோவைக் கீழே போட்டு மிதித்தார். ஒரு மிதியில் நிற்கவில்லை. உள்ளே இருந்த குரல் அடங்கிய பிறகும் மிதித்தார். மைக்கில் அவர் பேர் வரவில்லை அல்லவா, அதற்கு. அத்தை என்னை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தாள். அய்யா கும்பிட்ட கையை இறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரியப்பா அய்யாவின் காதில் ஏதோ சொன்னார். அய்யா தலையாட்டினார். பந்திக்கு இலை போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் படிப்பை நிறுத்தத்தான் அந்தத் தலையாட்டல் என்று தெரியாது. ஒயரை மாட்டினார்கள், மாமா பேர் வந்தது, கொட்டு அடித்தார்கள். திங்கட்கிழமை மோட்டார் ரூமுக்குப் போனதும் வேறு ரேடியோவுக்கு வழி கேட்க வேண்டும் என்று யோசித்தபடி ஆரத்திக்கு நின்றேன்.

அந்த மொட்டை மாடியில் நான் பிறகு ஏறவில்லை. ஸ்டேஷன் பேர் இன்றுவரை தெரியாது.

ஊரே திரண்டு வந்தது, பந்தல் கொள்ளவில்லை என்று மாமா இன்றும் சொல்வார். சொல்லட்டும். வந்தவர்கள் தின்றார்கள், செய்முறை செய்தார்கள், எனக்குப் புத்தி சொன்னார்கள். என்னிடம் ஒன்று கேட்க வந்தவர்கள் மூன்று பேர்.