கிரேக்கம் யார் வீட்டுப் பேச்சு?

கள்ளக்குறிச்சியில் நர்சிங் சேர்ந்ததும் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் அங்கேதான் இடம். அனாடமி எடுத்த மேடம் எதையும் மறைத்துப் பேச மாட்டார். "ஒரு வார்த்தை வாய்ல நுழைய மாட்டேங்குது. இந்த வைவால ஃபெயிலானா டிசி வாங்கிட்டு ஊரைப் பார்த்துப் போ" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

எங்கள் ஊர் களமருதூரில் இதைச் சொன்னதும் அம்மா அதற்கும் மேலே போனாள். "படிப்பு வரலன்னா இன்னா இப்போ? வூட்டோட இருந்துடு. தரகர் வந்துக்கினுதான் இருக்காரு, மாப்ள பாத்துடலாம்." ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன்.

அதுவரை நானும் எங்கள் பெஞ்சுப் பிள்ளைகள் மாதிரி, வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வழி முழுக்க முணுமுணுத்தபடி போவேன். கோலிசிஸ்டைட்டிஸ், கோலிசிஸ்டைட்டிஸ். கள்ளக்குறிச்சி வருவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், இந்தச் சனியன் எங்கிருந்துதான் வந்தது என்று போனில் தேடினேன். கிரேக்கமாம். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, ஐட்டிஸ் என்றால் அழற்சி. அடப்பாவிகளா, இது இங்கிலீஷே இல்லையா? முதல் பெஞ்சில் பந்தாவாக உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் மட்டும் கிரேக்கமா பேசுகிறார்கள்? அவர்களும் மனப்பாடம்தான், நானும் மனப்பாடம்தான்.

அன்றிலிருந்து எந்த வார்த்தையையும் முழுசாக விழுங்கவில்லை, பிய்த்துப் பார்த்தேன். எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. நெஃப்ரோ கிரேக்கம், ரீனல் லத்தீன், இரண்டுக்கும் அர்த்தம் சிறுநீரகம்தான். ஆர்ட்டரி என்கிற தமனிக்குள் காற்று ஓடுகிறது என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள் என்பதையும் படித்தேன். எங்கள் ஊரில் கிடா வெட்டும்போது ரத்தம் பிடிக்கத் தட்டோடு நிற்பவர்களைக் கேட்டிருந்தால், ஓடுவது ரத்தம்தான் என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவு பெரிய தப்புக்கு அந்தக் கிரேக்கர்களுக்கு யாரும் டிசி கொடுக்கவில்லை.

வைவாவில் மேடத்துக்குப் பக்கத்தில் வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேடம் வகுப்பில் நடத்தாத வார்த்தையைத் தேடிப் பிடித்துக் கேட்டார். "கோலிசிஸ்டெக்டமி?"

கோலி, சிஸ்ட், எக்டமி. "பித்தப்பைய வெட்டி எடுக்கறதுங்க மேடம்."

"இங்கிலீஷ்ல சொல்லு."

"நீங்க கேட்டதே இங்கிலீஷ் இல்லீங்க மேடம், கிரேக்கம். அது உங்க வூட்லயும் பேசல, எங்க வூட்லயும் பேசல."

அதிகமாகப் பேசிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆனால் வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. மேடம் முகம் சிவந்துவிட்டது. தேர்வாளர்தான் தலையைத் தூக்கி, "சரி, எடுக்கறப்போ எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"பை ஒடையக் கூடாதுங்க. கோழி சுத்தம் பண்றப்போ எங்கம்மா அதுக்குத்தான் கத்தும், ஒடஞ்சா கறியெல்லாம் கசந்துடும்னு."

அவர் சிரித்துவிட்டு மார்க் போட்டார். "வாய் ஜாஸ்தி உனக்கு" என்றார் மேடம். ஆமாம், ஜாஸ்திதான்.

மறுநாள் ரிசல்ட்டில் பாஸ் என்று பார்த்துவிட்டு நேராகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடம் கடைசி பெஞ்சைக் கையால் காட்டினார். "இங்க உக்காந்தாதாங்க மேடம் போர்டு தெரியுது" என்றேன். எழுந்திருக்கவில்லை. அவரும் போர்டு பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடங்கினார்.

சாயங்காலம் வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். "இன்னாடி, டிசி குடுத்துட்டாங்களா?"

"குடுக்கலம்மா. குடுத்தாலும் வாங்கிக்கினு வர மாட்டேன். அந்தத் தரகர இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லு."