தார்நாகாவில் ஒரு சென்னைத் தை

என் மனைவிக்கு மறதி நோய் வந்தபோது முதலில் தொலைந்தது ஊர். நாங்கள் பல காலமாக ஹைதராபாத்தில், தார்நாகாவில் குடியிருக்கிறோம். அவளோ பிறந்து வளர்ந்த சென்னையின் பருவங்களுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

ஆனியில் சென்னையில் வெயில் காயும். இங்கே மழை தொடங்கிவிடும். அவள் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தாள். தலைமுறைகளாகச் செகந்தராபாத்திலேயே இருக்கும் மேல்வீட்டு அம்மாள், 'எதுக்கு' என்பதற்கு உருதுவின் 'கைக்கு' கலந்த தமிழில் படியிலிருந்து கத்தினார்: "அண்ணா! அண்ணி கைக்கு இன்னிக்கி வடாம் போட்டாங்க? மழைல எல்லாம் கூழாப் போச்சு!"

"கூழிலேர்ந்து வந்ததுதானேம்மா," என்றேன்.

பிற்பகலில் கடற்காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவைப்பாள். இந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. மாநிலத்தை இரண்டாகப் பிரித்தபோது அது பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டது. ஓய்வுபெற்ற அதிகாரி அல்லவா, விதிமுறைகளோடு விளக்கினேன்.

"அப்படிங்களா சார்?" என்றாள்.

கட்டிய மனைவிக்கு நான் சார். அன்றோடு விளக்குவதை நிறுத்தினேன்.

பென்ஷனுக்கு, பட்டாவுக்கு, உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்குக்கூட எனக்கு வழி தெரியும். இதற்கு எந்த அலுவலகத்தில் மனுப் போடுவது? யோசித்து ஒரு வழி கண்டேன். அவள் வாழ்வது சென்னையின் மாதங்களில். எங்கள் கல்யாணம் அங்கே தையில் நடந்தது. தை வரட்டும், அதில் நான் இருப்பேன்.

ஐப்பசியில் வானம் வெளுத்துக் கிடக்க, அவள் சொன்னபடி குடை பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போனேன். கார்த்திகையில், வராத புயலுக்கு மெழுகுவர்த்தி வாங்கினேன். மார்கழியில் இங்கே பல் கிட்டும் குளிர். ஸ்வெட்டரை நீட்டினால் சிரித்தாள். மெட்ராஸில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள்?

தை பிறந்தது. ஒரு மாலை தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"சார், எங்கப்பாவை உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"ஹைதராபாத் வரன் ஒண்ணை முடிவு பண்ணிட்டாரு. எனக்கு வேணாம்னு நீங்க கொஞ்சம் சொல்றீங்களா? நான் சொன்னாக் கேக்கமாட்டாரு."

"பையன் பிடிக்கலையா?"

"சேச்சே, அவர் நல்ல மாதிரிதான். ஊருதான் சார். அவ்ளோ தூரம் போய் யாரோட பேசறது?"

அவள் அப்பா காலமாகி வெகுகாலம் ஆகிறது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேம்மா," என்றேன்.

அவள் நிம்மதியாக எழுந்து உள்ளே போனாள்.