முதலில் யார் கட்டுவது?

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் ஜனனிதான் எச்.ஆர். எம்.பி.ஏ. படித்த நல்லூர்ப் பெண். லீவு கேட்டு வருகிறவர்களின் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே லீவும் கொடுத்துவிடுவாள். ஒடிசா வரை போய், “உங்க பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு” என்று தாய்மாரிடம் சொல்லி, மினதியையும் அவள் தோழிகளையும் வேலைக்கு அழைத்து வந்தவளும் அவள்தான்.

அன்றைக்கு, வடக்கத்தியார் யாரோ தமிழரை அடித்ததாக ஒரு வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. எந்த ஊரோ, எந்தக் காலமோ. தையல் ஹாலில் நூல் பிசிறு வெட்டும் கூர்மையான சின்னக் கத்தரிகளை, டிரிம்மர்களை, மேசையோடு கயிற்றில் கட்டி வைப்பார்கள். தென்மாவட்டத்து டெய்லர்கள் வரிசையில் ஒருவன் பயந்துபோய்த் தன் கயிற்றை அவிழ்த்து டிரிம்மரைக் கையில் எடுத்துக்கொண்டான். அதைப் பார்த்து எதிர் வரிசை ஒடிசாப் பெண்கள் அவிழ்த்தார்கள். அவர்களைப் பார்த்து இவர்கள் மிச்சத்தையும் அவிழ்த்தார்கள். மெஷின்கள் நின்றன. இன்றைக்கே எல்லாரும் ஊருக்குப் போய்விடுவதாக மினதி சொன்னதும் ஜனனி ஹாலுக்கு நடுவில் போய் நின்றாள்.

“போலீசக் கூப்பிட்டுரலாமுங்களா?” என்றார் முதலாளி பொங்கியண்ணன்.

“வேண்டாமுங்க சார். எதிர்ப்பக்கந்தான் கூப்பிட்டுச்சுன்னு ரெண்டு பக்கமும் நெனைக்குமுங்க.”

கல்லூரியில் கேம் தியரி என்று நாலு கட்டம் போட்டு நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. இனச் சண்டை மூள இரண்டு பக்கமும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. எதிராளி முந்திக்கொள்வானோ என்ற பயமே போதும். “மூணு எண்ணறேன், எல்லாரும் ஒண்ணாக் கட்டிருங்க” என்று எண்ணினாள். ஒரு கயிறும் அசையவில்லை. எம்.பி.ஏ.வுக்கு நல்ல மரியாதைதான்.

சரி, கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்று இங்கே ஒரு மேசை, அங்கே ஒரு மேசை என்று மாற்றிச் சொன்னாள். எதிர்ப்பக்கம் ஏமாற்றினாலும் நஷ்டம் ஒரு டிரிம்மரோடு போகும். “எனக்கு வேலை கெடக்கு” என்று டெய்லர் வரிசையில் முத்துப்பேச்சி முதலில் கட்டினாள். எதிரே ஒருத்தி கட்டினாள். அப்படியே நகர்ந்து, கடைசியில் டெய்லர்களில் மூத்தவரான குருசாமியும் எதிரே மினதியும் மட்டும் மிஞ்சினார்கள்.

“அந்தப் புள்ள கட்டட்டும் மேடம், நானும் கட்டுதேன்” என்றார் குருசாமி.

“முதல்ல அவரு” என்றாள் மினதி.

மினதி டிரிம்மரை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருப்பதைக் குருசாமி பார்த்தார். எழுந்து போய், தன் டிரிம்மரை அவள் கையிலேயே கொடுத்தார்.

“இந்தா தாயி. நீயே கட்டு.”

இப்போது இரண்டும் அவள் கையில். அவள் குருசாமியின் மேசைக்குப் போய், அவருடையதை முதலில் கட்டினாள். பிறகு தன்னுடையதையும் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, நாளைக்கு ஓவர்டைம் இருக்கா?”

ஜனனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இருக்குது கண்ணு” என்றாள்.