அந்தோனியாரின் தட்டிலிருந்த பறவைநாகம்

இல்லை, நீங்கள் கேள்விப்பட்டதுபோல சவிரிமுத்து அத்தான் நோயில் கிடந்து சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். காலையில் பட்டறையில் இருந்து வேலை செய்தவர், மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சரிந்தவர், எழும்பவில்லை. நான் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு றீற்றா வேலிக்கு மேலால் எட்டி, “பிலோமினாக்கா, சவிரி அண்ணை கூப்பிடக் கூப்பிட எழும்புறார் இல்லை” என்றாள். அவளுடைய முகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. செபமாலையைத் தேடி வீடெல்லாம் ஓடினேன். அது என் கழுத்திலேதான் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். இருந்து எழுத முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழும்பி வாசல் படலையடிக்குப் போகிறேன். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் நேற்றிலிருந்து ஷெல் சத்தம். அத்தானைப் பற்றி எழுதும்போதாவது மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று பார்த்தேன். மாதாவே, அது நிற்பதாயில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவிரிமுத்து அத்தான் என் அக்கா மேரியின் கணவர். வெள்ளி வேலைக்காரர். எங்கள் கரையில் கண்நோய் மாறினால் வெள்ளியில் கண் செய்து கோயிலுக்குக் கொடுப்பார்கள். கால் சுகமானால் கால். பாம்பு கடித்துத் தப்பினால் பாம்பு. அவற்றையெல்லாம் செய்தவர் அவர். எதைச் செய்தாலும் எங்கள் கோயிலில் அந்தோனியாரின் காலடியிலுள்ள தட்டில் ஒரு பூசை முடியுமட்டும் வைத்துவிட்டுத்தான் உரியவரிடம் கொடுப்பார். “உதுதான் மச்சாள் கடைசி மினுக்கு” என்பார்.

அவருக்கு ஒரே மகன், அருள். ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பெடியனைப் பிடித்துக்கொண்டு போய், அந்தோனியார் புண்ணியத்தில் விட்டார்கள். அடுத்த கிழமையே அத்தான் அவனை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் கையில் ஒப்படைத்தார். அவன் போகமாட்டேன் என்று அழுதான். “போ எண்டால் போ” என்று ஒரு சொல்தான் சொன்னார். கனடாவுக்குப் போனவன் தாயோடு பேசுவான், என்னோடு பேசுவான், தகப்பனோடு பேசமாட்டான். “அவர் என்னைத் துரத்தினவர் சின்னம்மா.” அக்காவின் செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. அதன் பிறகு என்னோடும் பேச்சுக் குறைந்தது.

அப்படியிருக்க ஒருநாள், கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் அருள் ஒரு விளையாட்டுச் சீட்டுக் கொடுத்தனுப்பியிருந்தான். நாங்கள் விளையாடுகிற ஆட்டின், இஸ்பேட் அல்ல. மினுமினுக்கிற கடதாசியில் செட்டை விரித்த ஒரு மிருகம், வாயில் நெருப்பு. மந்திரவாதிகளும் மிருகங்களும் சண்டைபிடிக்கிற விளையாட்டாம். அந்தச் சீட்டுகளிலுள்ள உருவங்களை வெள்ளியில் செய்து அங்கே கடைகளில் விற்கிறார்களாம். அருள் அவற்றை வாங்கிச் சேர்க்கிறவனாம். இது ஒன்று மட்டும் கடையில் வேண்டாம், அப்பாவின் கையால் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தான்.

அத்தான் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இது மிக்கேல் சம்மனசு காலுக்குக் கீழை போட்டு மிதிக்கிற பறவைநாகமெல்லோ அத்தான்? பேயின்ரை உருவம்” என்றேன் நான்.

“பேயெண்டாலும் அவன் கேட்டது” என்றார்.

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஒருநாள் சென்றிக் காவலில் ஆமிக்காரன் அதை எடுத்து அங்குமிங்கும் திருப்பி, “மே மொக்கத?” என்றானாம், இது என்ன என்று. “பிள்ளையின்ரை விளையாட்டு மாத்தையா” என்றாராம். அவன் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். வீட்டுக்கு வந்ததும் நேரே பட்டறையில் போய் இருந்தார். வெள்ளிச் செதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டினார். பேய்க்குப் பயந்தோ என்னவோ, நெஞ்சில் ஒரு சின்னச் சிலுவையும் கொத்தினார்.

கலியாணம் முடிக்கக் கனடா போகிற ஒரு பிள்ளைக்கு ஊரைவிட்டுப் போகப் பாஸ் கிடைத்திருந்தது. எங்கள் அந்தோனியார் திருநாளுக்கு அடுத்தநாள் காலை பயணம், நாகம் அவளோடு போவதாக ஏற்பாடு. அத்தான் வழமைபோல நாகத்தைத் திருநாள் பூசைக்குத் தட்டில் வைத்தார். கோயில் மூப்பருக்கு என்ன தெரியும்? யாரோ பாம்புக்கடிக்கு வைத்த நேர்த்தி என்று நினைத்து, சேவல், தேங்காய்க்குலைகளோடு அதையும் ஏலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

நான் சுவாமியாரிடம் ஓடினேன். “அவரே வந்து கேக்கட்டும், குடுத்துவிடலாம்” என்றார் சுவாமி. அத்தான் அசையவில்லை.

“அந்தோனியாரின்ரை தட்டிலை வைச்சதை நான் எப்பிடித் திருப்பிக் கேக்கிறது மச்சாள்? ஏலத்திலை எடுப்பம்.”

மூப்பர் நாகத்தைத் தூக்கிக் காட்டினார். “செட்டை வைச்ச பாம்பு. ஆர் கேக்கிறியள்?”

“உது பாம்போ வௌவாலோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“உன்ரை மாமியாரைக் கேள், சொல்லுவா” என்றது இன்னொன்று.

வங்காலையிலிருந்து வந்த பிரான்சிஸ் சம்மாட்டி, நாலைந்து வள்ளத்துக்கு முதலாளி, மனைவியைப் பாம்பு தீண்டித் தப்பிய புதிது. அவர் விடுவதாக இல்லை. அத்தான் கேட்கக் கேட்க ஏற்றிக்கொண்டே போனார். அத்தானிடம் அதற்குமேல் காசு இல்லை. மூப்பர் “ஒருதரம்” என்றார். “ரெண்டுதரம்” என்றார்.

நாலுபேர் முன்னால் வாய் திறவாத மனிதர், எழும்பிச் சம்மாட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

“தம்பி, அது பாம்பில்லை. நேர்த்தியுமில்லை. நான் செய்தது. என்ரை மகனை நான்தான் போ எண்டு அனுப்பினனான். போனதுக்குப் பிறகு அவன் என்னட்டைக் கேட்டது இது ஒண்டுதான்.”

சம்மாட்டி சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“இதை முதலே சொல்லுறதுக்கென்ன அண்ணை? மூப்பர், நான் விட்டிட்டன். அண்ணை, எனக்குச் செட்டை இல்லாத பாம்பொண்டு செய்து தாங்கோ.”

நாகம் கனடா போனது. சில கிழமைகளுக்குப் பிறகு தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வந்தது, முதல்முறையாகத் தகப்பனுக்கு. நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா, ஏன் அதுக்குச் சிலுவை போட்டனியள்?”

“உனக்கு ஒண்டும் செய்யாமலிருக்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “ஐயோ அப்பா, அது என்ரை பக்கம் நிண்டு சண்டைபிடிக்கிறதப்பா.”

“அப்பிடியே? உன்ரை பக்கமெண்டால் சரி” என்றார் அத்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசையில் நின்ற ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

அருள் செத்தவீட்டுக்கு வரவில்லை. சண்டையால் பாதை பூட்டு. பெட்டியைச் சேமக்காலைக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு போகும்போது கடற்காற்றுக்கு மெழுகுதிரி ஒன்றும் நிற்கவில்லை. றீற்றா தன் உள்ளங்கையால் ஒன்றை மட்டும் மறைத்துக் கடைசிவரை கொண்டுவந்தாள். போய் இளைப்பாறுங்கள் அத்தான். அக்காவிடம் பிள்ளை பேசினான் என்று சொல்லுங்கள்.

பொறுங்கள், ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன், இப்போதுதான் நினைவு வருகிறது. அன்று தொலைபேசியை வைப்பதற்கு முன் அருள், “நான் வரட்டோ அப்பா?” என்று கேட்டான். அத்தான் சொன்னார்: “இப்ப வேண்டாம். போ எண்டு நான்தானே சொன்னனான். வா எண்டும் நான்தான் சொல்லுவன். அதுவரைக்கும் அங்கையே நில்.”