எருமைக் கிடேரிகளும் என் அறிக்கையும்

மாட்டுத் தீவனத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: சாப்பிடுகிறவர் பேசமாட்டார், பேசுகிற நாங்கள் யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்து, "இன்னும் ஏன் சினை பிடிக்கவில்லை?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் தேடியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து மொரீசியஸுக்குக் கால்நடை மருத்துவராக ஒப்பந்த வேலைக்குப் போனேன். கடற்கரை முழுக்க ஓட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அந்த ஓட்டல்களுக்கு எருமைப்பால் சீஸ் விற்கலாம் என்று ஒரு முதலாளி பாம்பூ என்ற ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்து, பதின்மூன்று எருமைக் கிடேரிகளையும் ஒரு கடாவையும் வாங்கி விட்டிருந்தார். அவற்றைச் சீக்கிரம் வளர்த்துச் சினைக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு.

முதல் மூட்டை

மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் செல்வென். ஐம்பது வயதிருக்கும். அந்தத் தீவிலேயே பிறந்த தமிழர். காவடி எடுப்பவர், தேவாரம் பாடுவார், ஆனால் பேச்செல்லாம் அந்த ஊர்க் கிரியோல் மொழிதான். அவர் சொன்னதை இங்கே என் தமிழில் தருகிறேன்.

பிண்ணாக்கில் அளவாக ஃபார்மலின் கலந்து பதப்படுத்தினால், அதிலுள்ள புரதம் மாட்டின் முதல் வயிற்றில் வீணாகாமல் அடுத்ததற்குப் போய்ச் சேரும். கிடேரி வேகமாக வளரும். இதை அவருக்கு விளக்கினேன். செல்வென் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில் செத்தவங்களைக் கெடாம வைக்கிற மருந்துதானே இது?" என்றார். அளவு மிகக் குறைவு, பயமில்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. அவரை நம்பவைக்க ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டு மென்று காட்டினேன்.

அவர் மூட்டையின் வாயைக் கட்டினார். "நீங்க எருமை இல்லையே, டாக்டர்."

புல்லுக்காரி

தேவி என்ற பெண் கரும்புக் காட்டு ஓரங்களில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். கணவனை இழந்தவள். நான் தீவனம் கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம் கிடேரிகள் நன்றாகச் சதை பிடித்தன. அதைப் பார்த்த முதலாளி, "இவ்வளவு நல்ல மூட்டை இருக்கும்போது புல்லுக்கு ஆள் எதற்கு? கரும்புத் தோகை போதுமே" என்றார்.

பச்சைப்புல் இல்லாமல் இந்தத் தீவனம் பாதி வேலைகூடச் செய்யாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என் தீவனத்தை ஒருவர் புகழ்கிற நேரத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் தேவியை நிறுத்திவிட்டார்கள். அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அந்த மூட்டைக்குள்ள புல்லும் இருக்கா, டாக்டர்?"

திரும்பக் கூப்பிட்டது

இரண்டு மாதத்தில் கிடேரிகளின் வளர்ச்சி நின்றது. முதலாளியிடம் என் தவறை ஒப்புக்கொண்டு, தேவியைத் திரும்ப அழைக்க அனுமதி வாங்கினேன். நானே அவள் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவள் ஒரு துணித் தொழிற்சாலையில், தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்காமல் தேநீர் வைத்தாள்.

"அங்க உட்கார்ந்து செய்யற வேலை, டாக்டர். ரெண்டு மாசமா எனக்கு முதுகு வலிக்கலை."

பன்னிரண்டு போதும் என்றேன்

பிறகு புல்லுக்கு ஆளே கிடைக்கவில்லை. செல்வென் தன்னால் முடிந்ததை அறுத்துப் போட்டார். இரண்டாம் வருஷக் கடைசியில் முதலாளி பொறுமை இழந்து, எத்தனை சினை என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார். ஒன்றாவது சினையாக இருந்தால் இன்னொரு வருஷம் பார்ப்பதாகவும் சொன்னார்.

கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன். பன்னிரண்டிலும் சினை இல்லை. கை மரத்துவிட்டது. மிச்சமிருந்தது இருப்பதிலேயே மெலிந்த கிடேரி. செல்வென் அதைத் 'தி ஃபி' என்பார், சின்னப் பெண் என்று அர்த்தம். "இவளையும் பாருங்க. ஒரு நாள் விடியக்காலையில கடா இவளை விடாம சுத்திச்சு" என்றார்.

எருமைக்கு ஊமைப் பருவம் உண்டு, கத்தாமல் கொள்ளாமல் வந்து போய்விடும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். இருந்தும், இந்த எடைக்குச் சினை பிடிக்காது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். 'பதின்மூன்றும் சினை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செல்வென் கயிற்றை அவிழ்த்து அதை வெளியே விட்டார். "நீங்க படிச்சவங்க, டாக்டர்."

ரோஷ் புவா

கிடேரிகளை இறைச்சிக்கு விற்றார்கள். ரோஷ் புவா என்ற இடத்தில் இருந்த இறைச்சிக்கூடத்துக்கு லாரியில் கொண்டுபோய் ஒப்படைக்க நானும் செல்வெனும் போனோம். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

தி ஃபியின் வயிற்றைத் திறந்ததும் உள்ளேயிருந்த ஆள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நாலு மாதம் இருக்கும், பூனைக்குட்டி அளவுக் கன்று. குளம்புகள் வெளுப்பாக, மெழுகு போல இருந்தன. தீவனம் ஒன்றிலாவது வேலை செய்திருக்கிறது. செல்வெனும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவரிடம் மறைக்க முடியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, லாரியின் காலியான பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இதையும் பேப்பர்ல எழுதுவீங்களா, டாக்டர்?"

இப்போதெல்லாம் எந்தப் பண்ணைக்குப் போனாலும் கடைசி மாடு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன், அதனால் ரொம்ப மெதுவாக வேலை செய்கிறவன் என்று எனக்குப் பெயர்.