நெருப்பில் காட்டிய பந்து

தோலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வயது அது. மலாயாவில், ஜொகூரின் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தோல் வேலைக்கு நான் ஒருவன்தான். மாட்டு வண்டியின் எருமைத்தோல் வாருக்குத் தேங்காயெண்ணெய் போடுவேன். துரையின் பூட்ஸில் எண்ணெய் பட்டால் கறுத்துப்போகும், அதற்கு மெழுகுதான். ஜொகூர் மழைக்கு இரண்டே நாளில் எந்தத் தோலிலும் பூஞ்சை படரும். துடைத்து நிழலில் காற்றாட வைப்பேன். பறையின் கன்றுத்தோல் மட்டும் தனி ரகம். ஈரத்தில் தொய்ந்தால் சருகைக் கொளுத்தி அனலில் காட்ட வேண்டும். அப்புறம் விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று பேசும்.

இந்த மேதாவித்தனம்தான் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

அடுத்த தோட்டத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். திருவிழாவில் அவளை ஒரு தடவை பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் வெட்கமில்லாமல் சொல்லியும் விட்டேன். பெண்ணின் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழம பந்தாட்டத்துக்கு வருவேன்ல, ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பினார். நாற்பது வயதைத் தாண்டியும் அந்தத் தோட்டத்துக்கு அவர்தான் கோல்கீப்பர்.

அந்த ஞாயிறு காலை எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முந்தின நாள் பயல்கள் அதைத் திடலிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். மழையில் ஊறிப் பூசணிக்காய் கனம் கனத்தது.

"பின்னேரத்துக்கு முன்னம் காய வைச்சுத் தா" என்றார்.

நிழலில் காய இரண்டு நாளாகும். தோல்தானே, பறைக்குச் செய்வதைச் செய்தால் போயிற்று என்று சருகைக் கொளுத்தினேன். உருவம் கெடாமலிருக்க உள்ளே காற்றையும் விட்டுவைத்தேன், அவ்வளவு புத்திசாலி. தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அனல் பட்ட பக்கம் சுருங்கி இறுகிவிட்டது என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. வடக்கே உதைத்தால் பந்து கிழக்கே போனது. வேடிக்கை பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் ஓங்கி ஓர் உதை விட்டான். பெண்ணின் அப்பா சரியாகத்தான் கையை நீட்டினார். பந்து நடுவழியில் திரும்பி, அவர் மூக்கில் மோதிக் கோலுக்குள் விழுந்தது.

எங்கள் பக்கம் ஒரே கூத்தாட்டம். அவர் ரத்தம் வழியும் மூக்கோடு எழுந்து, பந்தை எடுத்து விரலால் தட்டினார்.

"இது பந்தா, பறையா?"

கிராணி முந்திக்கொண்டார். "கடையில வாங்கேக்கையே பழுதுதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கோலும் நிற்கும், பெண்ணும் கிடைப்பாள். ஆனால் அந்த மூக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"இல்ல மாமா, சீக்கிரம் காயட்டும்னு நான்தான் நெருப்புல காட்டினேன்" என்றேன். மாமா என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை வரவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

கோல் செல்லாது என்று ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் என் முகத்தில்கூட விழிக்கவில்லை. பெண்ணின் அப்பா மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு தன் ஆட்களோடு போய்விட்டார். பெண் கைவிட்டுப் போனாள் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூக்கில் வீக்கம் இன்னும் வடியவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடுப்பிலிருந்த அகலமான தோல் பெல்ட்டைக் கழற்றி, தையல் விட்டிருந்த இடத்தைக் காட்டி என் கையில் கொடுத்தார்.

"வெயில்லகூட காட்டிராதீங்க" என்றார். "கல்யாணத்தன்னிக்கு நான் கட்டணும், மாப்பிள்ள."